கிஸ்மிஸ் காயுற ஊரு: மழையே இல்லாத துர்பான்ல தண்ணி எங்கிருந்து வருது?

உங்க ஆள்காட்டி விரல் அகலம் எவ்ளோ இருக்கும்? சுமாரா ஒன்றரை செ.மீ. ஒரு ஊர்ல ஜனவரி 1ல இருந்து டிசம்பர் 31 வரைக்கும் பெய்யுற மொத்த மழையும் அந்த உயரத்துக்கு தான் நிக்கும்னா நம்புவீங்களா? சீனாவோட வடமேற்கு மூலையில சின்ஜியாங் பகுதியில துர்பான்னு ஒரு ஊர் இருக்கு, அங்க வருஷ சராசரி மழை கிட்டத்தட்ட 16 மி.மீ. தான், நம்ம ஊர் ஐப்பசி மழை கொஞ்ச நேரத்துல ஊத்திட்டு போற அளவு. ஆனா சீனாவுல யாரைக் கேட்டாலும் துர்பான்னா உடனே திராட்சைன்னு தான் சொல்லுவாங்க. பந்தல் பந்தலா திராட்சை, தர்பூசணி, முலாம்பழம், பருத்தி, தெருவுல ரெண்டு பக்கமும் நெட்டிலிங்கம் மாதிரி ஒல்லியா உசந்து நிக்கிற பாப்லர் மரங்கள். இது எப்படி ஒரே இடத்துல சாத்தியம்ங்கிறது தான் இன்னிக்கு கதை.

முதல்ல பாலைவனச் சோலைன்னா என்னன்னு பாத்துடலாம். நமக்கெல்லாம் கார்ட்டூன் பாத்து பழகி போச்சு, மணல் மேட்டுக்கு நடுவுல ஒரு குட்டை, குட்டையை சுத்தி நாலு பேரீச்சை மரம், பக்கத்துல ஒரு ஒட்டகம். சின்ன ஊத்துன்னா சரி, ஆனா ஆயிரக்கணக்குல ஜனங்க ரெண்டாயிரம் வருஷமா வாழற ஒரு நகரம் அப்படி ஒரு குட்டையை நம்பி வராது. வேற எங்கயோ பெய்யுற மழையோ பனியோ, தண்ணியா மாறி, நிலத்துக்கு மேலயோ அடியிலயோ பயணம் பண்ணி வந்து, மனுஷங்க அதைப் பிடிச்சு தேக்கி பங்கு போட்டு பாய்ச்சுற இடம் தான் சோலை நகரம். உள்ளூர்ல ஒரு சொட்டு விழ வேண்டாம், வரத்து இருந்தா போதும். என்னைக் கேட்டா சோலைங்கிறது பாதி இயற்கை, பாதி மண்வெட்டி வேலை, மண்வெட்டியை கீழ போட்டா கொஞ்ச வருஷத்துல மறுபடியும் பாலைவனம் தான்.

சரி, ஏன் அங்க மழை இல்ல? மேப்பை எடுத்து கொல்கத்தா மேல விரலை வச்சு நேரா வடக்கு பக்கமா நகத்துங்க, கிட்டத்தட்ட அதே கோட்டுல தான் துர்பான் வரும். அதாவது நம்ம வங்காள விரிகுடா மேகம் நேரா வடக்க நடந்தா 2,000 கி.மீ. சொச்சத்துல போய் சேந்துடும். ஆனா நடுவுல இமயமலை, அதுக்கு பின்னாடி திபெத் பீடபூமி. பருவமழை மேகம் முழுக்க மலைக்கு தெற்கு பக்கமே கொட்டி தீத்துடுது, அதே வாக்குல இருக்கிற சிரபுஞ்சில வருஷத்துக்கு 11,000 மி.மீ. மாதிரி பெய்யுது, இமயமலையையும் திபெத்தையும் தாண்டி அந்தப் பக்கம் போனா 16. மத்த திசையிலயும் இதே கதை தான், பசிபிக் கடல் ரொம்ப தூரம், அட்லாண்டிக் அதை விட தூரம், மேற்கு, வடக்கு பக்கம் இருந்து தப்பி தவறி வர்ற கொஞ்சநஞ்ச ஈரத்தையும் தியான்ஷான் மலை வாங்கி வச்சுக்குது. பள்ளிக்கூடத்துல மழை மறைவுப் பிரதேசம்னு படிச்சிருப்போம்ல, அதுக்கு இதை விட நல்ல உதாரணம் கிடைக்காது. சில நேரம் மேகம் வந்து மேல மழை விழுறது கண்ணுக்கு தெரியும், ஆனா கீழ இருக்கிற காத்து அவ்ளோ சூடா வறண்டு இருக்கிறதால துளி தரையைத் தொடுறதுக்குள்ள ஆவியாயிடும்.

ஆவின்னு சொன்னதும் இன்னொரு கணக்கு. திறந்து வச்ச தண்ணி ஒரு வருஷத்துல எவ்ளோ ஆவியாகும்னு அளப்பாங்க, துர்பான்ல அது சுமார் 3,000 மி.மீ. வருதுன்னு சொல்றாங்க, அதாவது மூணு மீட்டர். வரவு ஒன்றரை செ.மீ., செலவு மூணு மீட்டர். இந்த ஒரு கணக்கை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வர்ற எல்லாமே, அவங்க ஏன் வாய்க்காலை பூமிக்கு அடியில போட்டாங்க, ஏன் அங்க கிடைச்ச பிணம் கூட அழுகலன்னு எல்லாமே இந்த கணக்குல இருந்து தான் வருது.

அடுத்தது சூடு. துர்பான் ஒரு பள்ளத்துல இருக்கு. பள்ளம்னா சும்மா பள்ளம் இல்ல, நகரம் கடல்மட்டத்தை ஒட்டின உயரத்துல இருக்கு, அங்கிருந்து தெற்க போகப் போக தரை இறங்கிட்டே போய் அய்டிங் கோல்ங்கிற ஏரிகிட்ட கடல்மட்டத்துக்கு 154 மீட்டர் கீழ போயிடுது. உலகத்துலயே ரொம்ப தாழ்ந்த தரைகள்ல அது ஒண்ணு. கடலுக்கு இவ்ளோ தூரத்துல கடலை விட தாழ்வான நிலம்! வடக்கு பக்கம் நிமிந்து பாத்தா போக்தா சிகரம், 5,445 மீட்டர், உச்சியில பனி. ரெண்டுக்கும் நடுவுல தூரம் கம்மி, ஒரு நாள்ல கார்ல போயிட்டு வந்துடலாம்.

பள்ளமா இருந்தா ஏன் சூடாகணும்? சைக்கிள் டியூபுக்கு கைப்பம்புல காத்தடிச்சிருப்பீங்க, பம்போட அடிப்பாகம் தொட்டா சுடும், காத்தை அமுக்கினா சூடாகும் அவ்ளோ தான். மலை மேல இருந்து காத்து பள்ளத்துக்கு இறங்கும்போது மேல இருக்கிற காத்தோட எடை அதை அமுக்கும், வறண்ட காத்துன்னா ஒவ்வொரு 100 மீட்டர் இறங்கும்போதும் கிட்டத்தட்ட 1 டிகிரி ஏறும். அப்படி சூடேறி வந்த காத்து வெளிய போக வழி இல்லாம கிண்ணத்துக்குள்ள மாட்டிக்குது, மேகம் இல்லாத வானம், மரம் இல்லாத கல்லு தரை, கோடையில நீளமான பகல், எல்லாம் சேந்து அடுப்பு மாதிரி ஆயிடுது. ஜூலைல பகல்ல 40 டிகிரிங்கிறது அங்க சாதாரண செய்தி. 2023 ஜூலை 16ஆம் தேதி துர்பான் பள்ளத்துல சான்பாவோங்கிற ஊர்ல 52.2 டிகிரி பதிவாச்சு, சீனாவுலயே இதுவரைக்கும் பதிவானதுல அதிகம் அது தான்.

அதே ஊர் ஜனவரில மைனஸ் 10 போகும். இதை நிறைய பேர் எதிர்பாக்க மாட்டாங்க, பாலைவனம்னா எப்பவும் சூடுன்னு நினைப்பு. ஆனா இது வடக்கே 43 டிகிரி அட்சரேகையில இருக்கிற, கடலே பக்கத்துல இல்லாத இடம். கடல் பக்கத்துல இருந்தா கோடையில சூட்டை வாங்கி வச்சுக்கிட்டு குளிர்ல மெதுவா விடும், அந்த வேலையை செய்ய இங்க யாரும் இல்ல. அதனால கோடை ஒரு கோடி, குளிர் ஒரு கோடி. நடுவுல வசந்த காலம் இதமா இருக்கும்னு நினைச்சா அப்போ தான் காத்து. வடமேற்க தாபன்செங்னு ஒரு மலை இடுக்கு இருக்கு, அந்த இடுக்கு வழியா குளிர்ந்த காத்து பள்ளத்துக்குள்ள பாயும், 2007 பிப்ரவரில துர்பான் பக்கத்துல ஓடிட்டு இருந்த பயணிகள் ரயிலோட 11 பெட்டியை காத்து தூக்கி கவுத்து போட்டுச்சு. இப்போ அந்த இடுக்கு முழுக்க காத்தாலை நிக்குது, கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும்.

ஒரு சின்ன விஷயம், சம்பந்தம் இருக்கோ இல்லயோ சொல்லிடறேன். சீனா முழுக்க ஒரே நேரம், பெய்ஜிங் நேரம். துர்பான் கொல்கத்தா வாக்குல இருக்கு, ஆனா கடிகாரம் பெய்ஜிங் காட்டும், அதனால அங்க உச்சி வெயில் அடிக்கும்போது மணி ரெண்டு ஆயிருக்கும். உள்ளூர் உய்குர் ஜனங்க நிறைய பேர் ரெண்டு மணி நேரம் குறைச்சு தங்களுக்குன்னு ஒரு நேரம் வச்சிருப்பாங்க. எட்டு மணிக்கு வாங்கன்னு சொன்னா எந்த எட்டு மணின்னு கேட்டுக்கணும்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம், தண்ணி. போக்தா மலையில பனியும் பனிப்பாறையும் இருக்குன்னு சொன்னேன்ல, கோடையில அது உருகி ஓடையா இறங்கும். ஆனா மலை அடிவாரத்துல பெரிய கூழாங்கல் சரிவு இருக்கு, ஆயிரக்கணக்கான வருஷமா வெள்ளம் கொண்டுவந்து கொட்டின கல்லும் சரளையும். ஓடை அங்க வந்ததும் சல்லடையில ஊத்தின மாதிரி உள்ள இறங்கி காணாம போயிடும். மேல நின்னு பாத்தா வெறும் கல்லு, ஒரு புல்லு கூட இல்ல, ஆனா அடியில தண்ணி மெதுவா பள்ளத்தை நோக்கி நகந்துட்டு இருக்கு. அந்த தண்ணியை எப்படி வெளிய எடுக்கிறது? கிணறு வெட்டி இறைக்கலாம், ஆனா வயலுக்கெல்லாம் இறைச்சு கட்டுப்படி ஆகாது. வாய்க்கால் வெட்டி திறந்த வெளியில கொண்டு வந்தா மூணு மீட்டர் செலவு கணக்கு ஞாபகம் இருக்குல்ல, பாதி வழியிலயே சூரியன் குடிச்சிடும்.

அவங்க கண்டுபிடிச்ச வழி பேரு கரேஸ். இதை புரிஞ்சுக்க ஒரே ஒரு விஷயம் போதும், நிலத்தோட சரிவும் சுரங்கத்தோட சரிவும் வேற வேற. நிலம் நல்லா சரிஞ்சு இறங்குது. மலை அடிவாரத்துல ஆழமா ஒரு கிணறு வெட்டி நிலத்தடி நீர் மட்டத்தை பிடிச்சுட்டு, அங்கிருந்து ஊரை நோக்கி பூமிக்கு அடியில ஒரு சுரங்கம் வெட்டறாங்க, ஆனா அந்த சுரங்கம் கிட்டத்தட்ட மட்டமா, தண்ணி ஓடுற அளவுக்கு மட்டும் லேசா சாஞ்சு இருக்கும். மேல நிலம் வேகமா இறங்கிட்டே வருது, கீழ சுரங்கம் மட்டமா வருது, அப்போ ஏதோ ஒரு இடத்துல ரெண்டும் சந்திச்சு தான ஆகணும்? அந்த இடத்துல தண்ணி தானா வெளிய வந்துடும். மோட்டார் இல்ல, ஏத்தம் இல்ல, கவலை இல்ல. அந்த வாய்ல ஒரு குளம் வெட்டி தேக்கி, அங்கிருந்து வயலுக்கு திறந்த வாய்க்கால், ஊரு அந்த குளத்தை சுத்தி தான் வளரும்.

நடுவுல கொஞ்ச தூரத்துக்கு ஒண்ணா செங்குத்தா கிணறு மாதிரி குழி இருக்கும், அது தண்ணி எடுக்க இல்ல, மண்ணை மேல தூக்கவும் உள்ள காத்து போகவும் ஆள் இறங்கவும். வெட்டின மண்ணை குழியை சுத்தியே கொட்டி வச்சிருப்பாங்க, விமானத்துல இருந்து பாத்தா உளுந்த வடையை வரிசையா அடுக்கி வச்ச மாதிரி பாலைவனத்துல கோடு கோடா தெரியும். மேல்பக்கம் குழி அம்பது அறுபது மீட்டர் ஆழத்துக்கும் மேல போகும், ஊர் பக்கம் வர வர ஆழம் குறையும். உள்ள குனிஞ்சு தான் நிக்க முடியும், ஒரு ஆள் வெட்டுவான், விளக்கு வெளிச்சத்தை வச்சு தான் கோணாம நேரா போறோமான்னு பாப்பாங்க, மேல மாட்டையோ குதிரையையோ ராட்டினத்துல கட்டி மண்ணு கூடையை இழுப்பாங்க. வெளிய தரை மேல வெயில் கொளுத்தினாலும் உள்ள தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும், பனி உருகின தண்ணில முழங்கால் வரைக்கும் நின்னு வருஷக்கணக்கா வேலை செஞ்சா உடம்பு என்ன ஆகும்னு நினைச்சு பாருங்க. வெட்டினதோட முடியாது, வருஷா வருஷம் இறங்கி வண்டல் எடுக்கணும், சரிஞ்ச இடத்தை கட்டணும். துர்பான் பகுதியில ஆயிரத்துக்கும் மேல கரேஸ் இருந்திருக்கு, எல்லாத்தோட நீளத்தையும் கூட்டினா 5,000 கி.மீ. வரும்னு கணக்கு சொல்றாங்க.

இதை யாரு கண்டுபிடிச்சாங்கங்கிறதுல ஆய்வாளர்களுக்குள்ள இன்னும் சண்டை ஓடுது. கரேஸ்ங்கிற பேரு பாரசீகம் பக்கத்துது, ஈரான்ல இதே மாதிரி சுரங்கத்தை கனாத்னு சொல்லுவாங்க, ஓமன், அமீரகத்துல ஃபலஜ். நம்ம நாட்டுலயே கர்நாடகாவுல பிதர்ல பாமினி சுல்தான்கள் காலத்து கரேஸ் இருக்கு, பேரும் அதே தான். சீன ஆய்வாளர்கள்ல சிலர் இல்ல இல்ல இது ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின ஹான் வம்ச காலத்துலயே எங்காளுங்க வெட்டின கிணத்து வாய்க்கால்ல இருந்து வந்ததுன்னு சொல்றாங்க, உள்ளூர்க்காரங்களே தானா யோசிச்சு செஞ்சதுன்னு இன்னொரு கட்சி. எனக்கு பேரைப் பாத்தா மேற்குல இருந்து வந்த மாதிரி தான் தோணுது, ஆனா பேர் வந்த வழியும் தொழில் வந்த வழியும் ஒண்ணா இருக்கணும்னு அவசியம் இல்ல. உறுதியா தெரிஞ்சது 1800கள்ல இது நிறைய பெருகுச்சு. அதுல ஒரு ஆள் சுவாரசியம், லின் ஸெஷூ. 1839ல பிரிட்டிஷ்காரங்க இந்தியாவுல இருந்து கொண்டு போன அபினியை கைப்பற்றி அழிச்சாரே, அதே அதிகாரி தான். அபினிப் போர்ல சீனா தோத்ததும் பழி அவர் மேல விழுந்து சின்ஜியாங்குக்கு நாடு கடத்திட்டாங்க, 1845ல துர்பான் வழியா போனப்போ இந்த சுரங்கத்தைப் பாத்து அசந்து போய் இன்னும் நிறைய வெட்டுங்கன்னு ஊக்கம் குடுத்திருக்கார். கொஞ்ச பேர் அதை லின் ஐயா கிணறுன்னே சொல்லுவாங்களாம்.

தண்ணி வந்தாச்சு, இப்போ திராட்சை. பாலைவனத்துல தண்ணி மட்டும் குடுத்துட்டா திராட்சைக்கு அதை விட நல்ல இடம் இல்ல. பகல்ல நல்ல வெயில், இலை நிறைய சர்க்கரை செய்யும், ராத்திரி குளிர்ச்சி ஆயிடறதால செஞ்ச சர்க்கரை செலவாகாம பழத்துலயே தங்கும். காத்துல ஈரம் இல்லாததால பூஞ்சை நோய் கம்மி. துர்பான் பக்கத்துல யாங்ஹாய்ங்கிற இடுகாட்டுல 2,300 வருஷத்துக்கு முந்தின திராட்சைக் கொடித் தண்டே கிடைச்சிருக்கு, அப்போ இருந்தே இந்த வேலை தான்.

பழத்தை காய வைக்கிற விதம் தான் எனக்கு ரொம்ப பிடிச்சது. மேட்டு மேல மண் கல்லால ஒரு வீடு கட்டுவாங்க, சுவர் முழுக்க ஒரு கல்லு விட்டு ஒரு கல்லு ஓட்டை, ஜல்லடை மாதிரி. உள்ள கொத்து கொத்தா திராட்சையை தொங்க விட்டுடுவாங்க. வெயில் நேரா படாது, சூடான வறண்ட காத்து மட்டும் ஓட்டை வழியா புகுந்து போகும், முப்பது நாப்பது நாள்ல காஞ்சிடும், நிழல்ல காஞ்சதால பச்சை நிறம் போகாம இருக்கும். நாம கடையில வாங்குற பச்சை கிஸ்மிஸ் எப்படி பச்சையா இருக்குன்னு யோசிச்சிருந்தீங்கன்னா இப்படி நிழல்ல காய வைக்கிறதும் அதுக்கு ஒரு காரணம். கிஸ்மிஸ்ங்கிற சொல்லே பாரசீகத்துல இருந்து நம்மகிட்ட வந்தது, உய்குர் மொழியிலயும் கிட்டத்தட்ட அதே சொல்லு தான். ஊரையே கொல்லுற காத்து இங்க கூலி வாங்காம வேலை செய்யுது.

குளிர் வர்றப்போ அந்த கொடியை என்ன பண்ணுவாங்க தெரியுமா, பந்தல்ல இருந்து அவுத்து கீழ படுக்க வச்சு மண்ணைப் போட்டு மூடிடுவாங்க. புதைச்சே விடுவாங்க. மைனஸ் குளிரும் வறண்ட காத்தும் சேந்து கொடியை காய வச்சிடும்ங்கிறதால மார்ச், ஏப்ரல் வரைக்கும் மண்ணுக்குள்ள தூங்கும், அப்புறம் தோண்டி எடுத்து மறுபடியும் பந்தல்ல ஏத்துவாங்க. ஒவ்வொரு வருஷமும், ஒவ்வொரு கொடியும்.

வரலாறுக்கு வருவோம். யாங்ஹாய் இடுகாட்டுல திராட்சை மட்டும் இல்ல, 3,000 வருஷத்துக்கு முந்தின கம்பளிக் கால்சட்டையும் கிடைச்சிருக்கு, உலகத்துல இதுவரை கிடைச்சதுலயே பழைய பேன்ட்டுகள்ல ஒண்ணு, குதிரை ஏற வசதியா நடுவுல அகலமா துண்டு வச்சு நெய்தது. அதுக்கப்புறம் ஜூஷிங்கிற அரசு, அவங்க தலைநகரம் ஜியாவோஹே. ரெண்டு ஓடைக்கு நடுவுல இலை வடிவத்துல ஒரு மேடு, சுத்தி செங்குத்தா 30 மீட்டர் பள்ளம், மதிலே வேணாம். அந்த ஊரை கட்டலங்க, வெட்டினாங்க. மேட்டு மேல இருந்து கீழ மண்ணை குடைஞ்சு தெருவு, குடைஞ்சு வீடு. மழை இல்லாத ஊர்ல மண் சுவர் கரையாது, அதனால இன்னிக்கும் தெருவுல நடந்து போகலாம். 2014ல பட்டுப்பாதை இடங்களோட சேத்து யுனெஸ்கோ பட்டியல்ல போட்டாங்க.

பட்டுப்பாதை ஏன் இங்க வந்துச்சு? ஒட்டகத்துக்கும் வியாபாரிக்கும் தண்ணி வேணும், ஒரு சோலையில இருந்து அடுத்த சோலைக்கு தாவித் தாவி தான் பாலைவனத்தை தாண்ட முடியும். வாய்க்கால் வெட்டினவன் தான் சுங்கமும் வசூலிச்சான். அப்படி கொழுத்த ஊர் தான் காவோசாங், இப்போதைய துர்பானுக்கு கிழக்கே கொஞ்ச தூரத்துல, சிவப்பு நெருப்பு மலை அடிவாரத்துல. அந்த மலை சுமார் 100 கி.மீ. நீளத்துக்கு சிவந்த மணற்கல்லு, வெயில்ல அனல் அலை அடிக்கும்போது தீப்பிடிச்ச மாதிரியே தெரியும்.

இந்த காவோசாங்குக்கு கி.பி. 630 வாக்குல ஒரு சாமியார் வந்தார். நம்ம வரலாறு பாடத்துல வர்ற யுவான் சுவாங் தான். இந்தியாவுக்கு போறதுக்காக சீனாவை விட்டு ரகசியமா கிளம்பி, பாலைவனத்துல தண்ணிப்பை கவுந்து சாகக் கிடந்து பொழைச்சு வந்தவர். அப்போ ராஜா ச்சூ வென்தாய், தீவிர பௌத்தர். இவரைப் பாத்ததும் விடவே மாட்டேன்னுட்டார், இங்கயே இருங்க, என் ஜனங்களுக்கு குருவா இருங்கன்னு. இவர் முடியாதுன்னார். ராஜா கெஞ்சி பாத்தார், மிரட்டியும் பாத்தார். கடைசியில யுவான் சுவாங் சோறு தண்ணி தொடாம உக்காந்துட்டார், மூணு நாள் தாண்டினதும் ராஜா பயந்து போய் மன்னிப்பு கேட்டார். ஒரு மாசம் பாடம் சொல்லிட்டு போங்க, இந்தியாவுல இருந்து திரும்பும்போது மூணு வருஷம் இங்க தங்கணும்னு ஒப்பந்தம். பாடம் நடக்கிறப்போ ராஜாவே மண்டி போட்டு தன்னை படி ஆக்கி அவரை ஆசனத்துல ஏத்தினாராம். கிளம்பும்போது 30 குதிரை, 25 வேலையாள், தங்கம், 30,000 வெள்ளிக்காசு, 500 சுருள் பட்டு, வழியில இருக்கிற அரசர்களுக்கு 24 சிபாரிசு கடிதம். இருபது வருஷத்துக்கு காணும்னு கணக்கு போட்டு குடுத்தார். சும்மா தனியாளா வந்த ஒரு துறவி அதுக்கப்புறம் ராஜ மரியாதையோட பயணம் பண்ணதுக்கு காரணம் இந்த சோலையோட காசு தான்.

யுவான் சுவாங் 640 வாக்குல நம்ம காஞ்சிபுரத்துல இருந்தார், நரசிம்ம வர்ம பல்லவன் காலம். அதே 640ல அங்க காவோசாங் கதை முடிஞ்சு போச்சு. ராஜா மேற்கத்திய துருக்கியர் பக்கம் சாஞ்சு, சீனாவுக்கு போற வணிகர்களையும் தூதர்களையும் மறிச்சதுல சீனாவை ஆண்ட தாங் வம்சப் பேரரசர் கடுப்பாகி படை அனுப்பினார். படை வருதுன்னு சேதி வந்தப்போ ச்சூ வென்தாய் கவலையே படல. அங்கிருந்து இங்க ஏழாயிரம் லி (லின்னா பழைய சீன தூர அளவு, சுமார் அரை கி.மீ.) தூரம், அதுல ரெண்டாயிரம் லி புல்லும் தண்ணியும் இல்லாத பாலைவனம், குளிர்ல காத்து கத்தி மாதிரி அறுக்கும், வெயில்ல நெருப்பா சுடும், பெரிய படை எப்படி வரும்னு சொன்னதா 'பழைய தாங் வரலாறு'ங்கிற சீன நூல் சொல்லுது. தட்பவெப்பமே தன் கோட்டைன்னு நம்பினார். ஹோ ஜுன்ஜிங்கிற தளபதி படையோட பாலைவனத்தை தாண்டி வந்து நின்னதும் ராஜா அதிர்ச்சியில நோய் வந்து செத்து போனார், மகன் சரணடைஞ்சான். யுவான் சுவாங் ஊர் திரும்பும்போது சத்தியம் பண்ணி குடுத்த ஆளே இல்ல, அதனால அந்த வழியே போகாம தெற்கு வழியா கோத்தான் பக்கமா போயிட்டார்.

அடுத்த இருநூறு வருஷம் வேகமா போயிடலாம், தாங் ஆட்சி, திபெத்தியர் படையெடுப்பு, அப்புறம் 840ல மங்கோலியா பக்கம் உய்குர் பேரரசு உடைஞ்சதும் அவங்கள்ல ஒரு பிரிவு இங்க வந்து அரசு அமைச்சாங்க. மானிங்கிறவர் மூணாம் நூற்றாண்டுல பாரசீகப் பேரரசுல ஆரம்பிச்ச மதம், பௌத்தம், கிழக்கத்திய கிறிஸ்தவம், எல்லாம் ஒரே ஊர்ல. 1209ல செங்கிஸ்கானுக்கு தாங்களே பணிஞ்சாங்க, அதனால ஊர் பொழைச்சுது, மங்கோலியர் எழுத்தே இவங்க எழுத்துல இருந்து எடுத்தது தான். இஸ்லாம் பதினஞ்சாம் நூற்றாண்டு வாக்குல தான் முழுசா வந்துச்சு. இப்போ ஊர்ல தெரியற 44 மீட்டர் எமின் கோபுரம் 1778ல முடிச்சது, வெறும் செங்கல்லை திருப்பித் திருப்பி வச்சே கோலம் போட்ட மாதிரி.

வறட்சி எப்படி காவல்காரனா இருந்துச்சுங்கிறதுக்கு அஸ்தானா இடுகாடு. (கஜகஸ்தான் தலைநகரம் இல்ல, இது காவோசாங் பக்கத்துல.) இங்க கல்லறையில 1,300 வருஷத்துக்கு முந்தின மோமோ மாதிரி கொழுக்கட்டை அப்படியே காஞ்சு கிடைச்சிருக்கு, மடிப்பு கூட கலையாம. அதை விட பெரிய புதையல் செருப்பு. காகிதம் அப்போ விலை அதிகம், அதனால பழைய ஆபீஸ் காகிதத்தை வெட்டி பிணத்துக்கு செருப்பும் தொப்பியும் செஞ்சு போட்டுட்டாங்க, இப்போ ஆய்வாளர்கள் அந்த செருப்பை பிரிச்சு ஒட்டி, யாரு யாருக்கு கடன் குடுத்தாங்க, யாரு மேல கேஸ் போட்டாங்கன்னு படிக்கிறாங்க.

ஆனா வறட்சி காப்பாத்தின அதே ஊர்ல தண்ணி அழிச்சும் இருக்கு. 1902ல இருந்து 1914 வரைக்கும் ஜெர்மன்காரங்க நாலு தடவை வந்து தோண்டினாங்க, அதுல லெ கோக்னு ஒருத்தர், காவோசாங்ல ஒரு பழைய நூலகத்தை கண்டுபிடிச்சா, இடிபாட்டுக்குள்ள விவசாயம் பண்றவங்க பாய்ச்சுன தண்ணி உள்ள இறங்கி ஏடெல்லாம் கூழாகி போயிருக்கு. மானி மதத்தோட புத்தகங்கள்! அவங்க கையாலயே எழுதினது உலகத்துல அரிது, துர்பான்ல கிடைச்ச மிச்சத்தை வச்சு தான் அந்த மதத்தைப் பத்தி அவங்க வார்த்தையிலயே தெரிஞ்சுக்க முடிஞ்சுது. பெசக்லிக் குகையில சுவர் ஓவியத்தை ரம்பம் போட்டு அறுத்து பெர்லினுக்கு கொண்டு போனாங்க, அங்க மியூசியம் சுவர்ல பதிச்ச பெரிய ஓவியங்கள் ரெண்டாம் உலகப் போர் குண்டுவீச்சுல தூளாச்சு. ஆயிரம் வருஷம் பாலைவனத்துல நின்னது பெர்லின்ல முப்பது நாப்பது வருஷம் கூட தாங்கல. பிரிட்டிஷ் இந்தியாவுல இருந்து போய் தோண்டின ஆரல் ஸ்டைன்ங்கிற ஆய்வாளர் எடுத்ததுல ஒரு பங்கு டெல்லி தேசிய அருங்காட்சியகத்துல இருக்கு, அஸ்தானா பட்டு ஓவியம் உட்பட, அடுத்த தடவை டெல்லி போனா மத்திய ஆசியா கேலரியை கேட்டுப் பாருங்க.

இன்னிக்கு நிலைமை. உய்குர் ஜனங்களை பெரிய அளவுல அடைச்சு வச்சது பத்தி 2022ல ஐ.நா. மனித உரிமை அலுவலகமே அறிக்கை விட்டுச்சு, அது தனி கட்டுரைக்கான விஷயம், ஆனா அதை சொல்லாம திராட்சையைப் பத்தி மட்டும் பேசிட்டு போக மனசு வரல. தண்ணி விஷயத்துல, மின்சார மோட்டார் போட்ட ஆழ்துளைக் கிணறு வந்ததும் நீர் மட்டம் கீழ போச்சு, கரேஸ்க்கு மட்டமா தான் ஓட தெரியும், மட்டம் அதுக்கு கீழ போனா காஞ்சிடும். ஆயிரத்துக்கும் மேல இருந்ததுல இப்போ ஓடுறது சில நூறு தான். போர்வெல் எவ்ளோ வேணா உறிஞ்சும், கரேஸ் மலை குடுக்கிறதை மட்டும் தான் எடுக்கும், ரெண்டுக்கும் அது தான் வித்தியாசம். மலை மேல பனிப்பாறையும் சுருங்கிட்டு வருது.

அய்டிங் கோல் ஏரிக்கு உய்குர் மொழியில நிலவொளி ஏரின்னு அர்த்தம். போக்தாவுல உருகி, கல்லுக்குள்ள மறைஞ்சு, சுரங்கத்துல ஓடி, திராட்சைப் பந்தலுக்கு பாஞ்ச தண்ணியில மிச்சம் மீதி கடைசியா போய் சேர வேண்டிய இடம் அது தான். முன்னாடி தண்ணி பளபளன்னு கிடந்திருக்கு. இப்போ பெரும்பாலும் வெள்ளையா உப்பு தான் கிடக்கு, மேல நடந்தா காலடியில நொறுங்குற உப்பு, ராத்திரி நிலா வெளிச்சம் பட்டா அதுவும் ஏரி மாதிரி தான் தெரியுமாம்.